பனியில் குழந்தைகளை இழுத்துச் செல்லும் வண்டி: ஒரு மதிப்புரை

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கின்போது (கைகளில் கோல்களை ஊன்றியபடி பனிப்பரப்பில் நெடுந்தொலைவு சறுக்கிச் செல்வது) இரண்டு சிறு குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வதற்காக, சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளைப் பொருத்திக்கொள்ளும் இழுவண்டி ஒன்றை இக்குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தினோம். இதன் மிகப் பெரிய சிறப்பு, இழுப்பவரின் இடுப்புப் பட்டையையும் வண்டியையும் இணைக்கும் இரண்டு விறைப்பான கம்பிகளே. கயிறாக இருந்தால் இறக்கத்தில் வண்டி முந்திவந்து நம் கால்களில் மோதிவிடும், கம்பிகளோ அதை எப்போதும் ஒரே தொலைவில் நிறுத்துகின்றன. இழுவிசை முழுவதையும் இடுப்பே தாங்குவதால், கைகள் கோல்களைத் தடையின்றி ஊன்ற முடிகிறது. ஆனால் வண்டியின் உயரம் காரணமாகப் பக்கவாட்டுச் சரிவுகளில் இது எளிதில் சாயக்கூடும். எனவே சீர்செய்த அகன்ற பாதைகளில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

குளிரைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். இழுப்பவருக்கு வியர்த்துக் கொட்டும்போதும், அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தையின் உடல் மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது. காற்றுத்தடுப்புத் திரை இருக்கிறதே என்று இருந்துவிடாமல், அடியில் கம்பளி விரித்து, அடிக்கடி நின்று, குழந்தையின் பிடரியையும் விரல்களையும் தொட்டுப் பாருங்கள். தானே நிமிர்ந்து உட்கார இயலாத கைக்குழந்தையை இதில் ஏற்றவே கூடாது.

இருக்கைப் பட்டையைக் கையுறையோடு மாட்ட முடியாதது ஒரு குறை. விலையும் மிகுதிதான்; ஆயினும் கோடையில் இதையே மிதிவண்டிக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளலாம் என்பதால், வாங்கத் தயங்க வேண்டியதில்லை.