இறுகிப்போன ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

சுத்தியலால் அடித்துத் திருப்பும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரே ஒரு வேலைக்காகத்தான் வாங்கினேன். அப்பா ஓட்டிய பழைய நூறு சிசி, நாலு ஸ்ட்ரோக் பைக், ஜப்பானிய வடிவமைப்பு. கிளட்ச் கவரின் அடியிலிருந்து ஆயில் ஒழுகியது, கவரைப் பிடித்திருந்த ஒன்பது ஸ்க்ரூவில் ஒன்றுகூட அசையவில்லை. இப்போது ஒழுகல் நின்றுவிட்டது. கருவியும் நன்றாக இருக்கிறது, ஆனால் அதோடு பெட்டியில் வந்த பிட்டுகள், அதாவது நுனியில் மாட்டும் திருப்புளி முனைகள், நன்றாக இல்லை. வாங்கப்போகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒழுகல். எஞ்சினின் அடிப்பகுதி முழுக்க கறுப்பாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, ஏனென்றால் ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னாலும் பரவும், சிலிண்டர் அடியில் கசிந்தது கியர் பெடல் பக்கம் வந்து சொட்டும். மண்ணெண்ணெயால் மொத்த எஞ்சினையும் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகள் மேல் டால்கம் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு முதலில் எங்கே விழுகிறதோ அதுதான் இடம். எனக்கு இரண்டு கோடு விழுந்தது, கிளட்ச் கவரின் கீழ் விளிம்பில் ஒன்று, கியர் ஷாஃப்ட் சீலில் ஒன்று. கவரைத் தொடுவதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி கவருக்கு அடியில் இருக்கும் நல்ல பேக்கிங் தாள் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும், அப்படியென்றால் கவரைக் கழற்றிப் போட்ட உழைப்பு வீண்.

என் பைக்கில் ப்ரீதர் சுத்தமாகத்தான் இருந்தது. சரி என்று சாதாரண ஸ்டார் திருப்புளியை எடுத்து, முழு பலத்தோடு அழுத்தித் திருப்பினேன். முதல் ஸ்க்ரூவிலேயே திருப்புளி மேலேறி வழுக்கி, தலையில் இருந்த ஸ்டாரின் இரண்டு மூலை மழுங்கிவிட்டது. இன்றைக்கும் எனக்கு வருத்தம் அதில்தான். அந்த ஒரு ஸ்க்ரூதான் பின்னால் அரை நாளைத் தின்றது, மற்ற எட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை.

ஏன் இவ்வளவு இறுகுகிறது? கவர் அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருந்து நடுவே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், அப்படி அரித்து வரும் வெள்ளைப் பொடி அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும், மரைக்குள் அதற்கு வேறு வழியில்லாததால் ஸ்க்ரூவை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பல வருட வெயில், மழை, எஞ்சின் சூடு எல்லாம் சேர்ந்தால் அது சிமெண்ட் போட்ட மாதிரிதான். அங்கே கை பலத்தை எவ்வளவு கூட்டினாலும் முதலில் தோற்பது ஸ்க்ரூவின் தலை.

இம்பாக்ட் டிரைவர் செய்கிற வேலை எளிமையானது, ஆனால் ரொம்பப் புத்திசாலித்தனமானது. கனமான இரும்பு உருளை, உள்ளே ஒரு ஸ்பிரிங், சாய்வாக வெட்டிய ஒரு பள்ளம். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் உடல் கீழே இறங்கும், அந்தச் சாய்வு அந்த இறக்கத்தைக் கொஞ்சம் திருப்பலாக மாற்றும். ஒரு அடிக்குச் சில டிகிரிதான் திரும்பும். ஆனால் அதே நொடியில் பிட்டை ஸ்க்ரூ தலைக்குள் பலமாக அழுத்தியும் பிடிக்கிறது, அதனால் வழுக்கி மேலேற இடமில்லை. அதோடு அடியின் அதிர்ச்சி மரையில் பிடித்திருக்கும் பொடியையும் உடைக்கிறது. சாதாரணத் திருப்புளியில் அழுத்துவதையும் திருப்புவதையும் ஒரே கையால் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால்தான் அது தோற்கிறது.

பயன்படுத்தும் முறையில் ஒரு விஷயத்தைப் பெட்டியில் வந்த காகிதத்தில் எழுதவே இல்லை. அடிப்பதற்கு முன் உருளையைக் கழற்றும் பக்கமாகக் கையால் இறுக்கித் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் தளர்வு முழுக்க எடுபட்ட பிறகு அடித்தால்தான் அடி முழுவதும் ஸ்க்ரூவுக்குப் போகும், தளர்வாகப் பிடித்து அடித்தால் பாதி வீணாகிவிடும், சில சமயம் எதிர்ப்பக்கமாகக்கூட வேலை செய்யும். திசையை மாற்றினால் முதல் அடிக்கு முன் பிட் நுனியைப் பார்த்துக்கொண்டே உடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

சுத்தியலும் முக்கியம். முதலில் வீட்டில் இருந்த சின்னச் சுத்தியலால் அடித்தேன், டிரைவர் துள்ளியது, ஸ்க்ரூ அசையவில்லை. பிறகு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் சுத்தியல் ஒன்றை இரவல் வாங்கினேன். அதைக் கொடுத்த மெக்கானிக் அண்ணன், "ரொம்ப ஓங்க வேண்டாம் தம்பி, நேரா விழட்டும், சத்தத்தைக் கேளு" என்றார். அவர் சொன்னது உண்மை. முதல் மூன்று அடிக்கும் சத்தம் மொத்தையாக, எஞ்சின் முழுக்க அதிர்கிற மாதிரி வந்தது. நாலாவது அடியில் குட்டியாக ஒரு 'டிக்', கையில் உருளை ஒரு நூலளவு திரும்பியது தெரிந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு சாதாரணத் திருப்புளியால் அப்படியே சுற்றி எடுத்துவிட்டேன். வெளியே வந்த ஸ்க்ரூவின் மரையில் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மறுபக்கம் யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் அடி உள்ளே இறங்கும். சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒவ்வொரு அடிக்கும் பைக்கே ஆடி பாதி பலத்தை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கும்போது பிட் நுனி தெறிக்கலாம், எனக்கே தெறித்தது.

அதனால் இப்போது பிட்டைப் பற்றி. என் பெரிய குறை இதுதான். பழைய ஜப்பானிய பைக்குகளின் ஸ்க்ரூவில் இருப்பது பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. பல தலைகளில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் பிட்டை அதில் வைத்தால் அடிவரை இறங்காது, பக்கவாட்டில் லேசாக ஆடும், விசை கொடுத்தால் மேலேறும். இந்தப் பெட்டியில் வந்த ஸ்டார் பிட் இரண்டும் பிலிப்ஸ்தான், அதிலும் ஒன்று மூன்றாவது ஸ்க்ரூவிலேயே ஒரு ஓரம் உடைந்து தெறித்தது. தனியாக ஜேஐஎஸ் பிட் வாங்கிய பிறகு அதே டிரைவர், அதே சுத்தியல், வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. தலைக்குள் வைத்தால் ஆடாமல் நிற்கிறது, பைக் சாய்ந்திருந்தாலும் கையை எடுத்தால் விழாது. எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் மரை ஸ்க்ரூவுக்கு 3ஆம் எண் பிட், எம்5 வரைக்கும் 2ஆம் எண். கிளட்ச் கவரில் பெரும்பாலும் எம்6தான் வரும், அங்கே 2ஆம் எண்ணை வைத்து அடித்தால் தலையை நீங்களே கெடுத்த மாதிரி. அடிப்பதற்கு முன் தலைக்குள் இருக்கும் மண்ணையும் பெயிண்டையும் ஊசியால் தோண்டி எடுங்கள். லேசாக மழுங்கிய தலையென்றால் பிட் நுனியில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் துளி தடவினால் பிடிப்பு கூடும், அந்த மணல் துகள் நன்றாகக் கவ்வுகிறது.

எட்டு ஸ்க்ரூ இப்படி வந்தது. முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் தெளித்து வைத்திருந்தேன், இரண்டு பிடிவாதமானவற்றுக்கு மட்டும் ஹாட் ஏர் கன்னால் சுற்றியுள்ள கவரைச் சூடாக்கினேன். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் ஸ்க்ரூவின் பிடி தளரும். தெளித்த ஆயிலை முழுக்கத் துடைத்த பிறகே சூடு காட்ட வேண்டும், பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

ஒன்பதாவது, நான் முதலில் மழுக்கிய ஸ்க்ரூவுக்கு இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேஸ்ட், சூடு, அடி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்தேன். நடுவில் பஞ்ச் வைத்துக் குழி போட்டு, முதலில் 3 மில்லிமீட்டர், அப்புறம் 6 மில்லிமீட்டர் பிட். தலை வளையமாகப் பிரிந்து டிரில் பிட்டோடு சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தலை போனதும் கவரை இழுக்கும் இறுக்கம் போய்விடும், கவர் அந்தக் குச்சியின் மேல் வழுக்கி வெளியே வந்துவிடும், மீதிக் குச்சியை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்தால் ஆச்சரியமாக எளிதில் சுழலும். துளைபோடும்போது கவர் அதன் இடத்திலேயே இருப்பதால் இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போகாது, கவரை எடுப்பதற்கு முன் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டிவிடுங்கள்.

கவரைக் கழற்றுவதில் ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் கவர் வராது, பழைய பேக்கிங்கும், கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டோவல் பின்னும் பிடித்திருக்கும். அங்கே திருப்புளியை இடையில் சொருகி நெம்பினால் அலுமினிய விளிம்பில் ஒரு கோடு விழும், அந்தக் கோடு வழியாகத்தான் அடுத்த ஒழுகல் வரும். ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் போதும். என் பைக்கில் யாரோ முன்பே நெம்பியிருந்தார்கள், கீழ் விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம், பவுடரில் முதல் ஈரக்கோடு விழுந்ததும் அதே இடத்தில்தான். மேடாக நின்ற ஓரத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டில் ஒட்டித் தேய்த்துச் சமமாக்கினேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டத்தான் அதிக நேரம் போனது. பிளாஸ்டிக் தகடு, பொறுமை, வேறு வழியில்லை. கியர் ஷாஃப்ட் சீலையும் அப்போதே மாற்றிவிட்டேன், ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயில் பக்கமாகப் போக வேண்டும், ஷாஃப்ட்டின் பல் புது சீலின் உதட்டைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய டேப் சுற்றி அதன்மேல் நுழைத்தேன்.

திரும்பப் பூட்டும்போது ஸ்டார் ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட் போட்டேன், மரையில் காப்பர் கிரீஸ் லேசாக. பூட்டுவதற்கு இம்பாக்ட் டிரைவரைத் தொடவே தொடாதீர்கள், திசை மாற்றும் வசதி இருக்கிறது என்பதற்காக அலுமினிய மரையில் அடித்து இறுக்கினால் மரை உருவி வந்துவிடும். எம்6க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான், கிரீஸ் போட்டிருந்தால் அதைவிடக் குறைவு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் கிடையாது, கழற்றும்போதே அட்டையில் கவரின் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்ததால் எனக்குக் குழப்பம் வரவில்லை.

கருவியின் உடலில் குறை சொல்ல அதிகமில்லை. பிடி வெறும் இரும்பு, ஆயில் கை பட்டால் வழுக்குகிறது, கையைக் காக்கும் ரப்பர் வளையமும் இல்லை, நான் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டேன். பிட்டைப் பிடிக்கும் குண்டு கொஞ்சம் தளர்வு, தலைகீழாகப் பிடித்தால் பிட் விழுகிறது. இத்தனை அடிக்குப் பிறகும் உள்ளே ஸ்பிரிங் முதல் நாள் மாதிரியே இருக்கிறது.

இதை வைத்து மேக்னெட்டை, அதாவது கிராங்க் நுனியில் இருக்கும் ஃபிளைவீலைக் கழற்றப் பார்க்காதீர்கள். அது சரிவான ஷாஃப்ட்டில் கவ்வி நிற்பது, அதை இழுத்துக் கழற்ற அந்தந்த எஞ்சினுக்குரிய புல்லர் என்ற கருவி இருக்கிறது. அங்கே சுத்தியல் அடி நேராகக் கிராங்க் பேரிங்குக்குப் போகும். சிலிண்டர் விசிறிப் பட்டைகள் பக்கத்திலும் வேண்டாம், மெல்லிய வார்ப்பு உடைந்தால் ஒட்ட முடியாது.

பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் கன் இருந்தால் இது தேவையா என்று ஒரு நண்பர் கேட்டார். நட்டுக்கு அது நல்லது. இந்த மாதிரி சின்ன ஸ்டார் தலைக்கு வேண்டாம் என்றேன், ஏனென்றால் அது திருப்ப மட்டும்தான் செய்யும், உள்ளே அழுத்திப் பிடிக்கிற வேலை முழுக்க உங்கள் கையில். வழுக்கினால் ஒரே நொடியில் தலை போய்விடும், அல்லது ஸ்க்ரூ நடுவில் முறிந்துவிடும். அவரும் இப்போது கை டிரைவர்தான் வாங்கியிருக்கிறார், 3ஆம் எண் ஜேஐஎஸ் பிட்டோடு.