ஓடுகிறது, சரி, உடைந்தால் யார் வருவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதக் கடைசி, சம்பளக் கணக்கு முடிக்கிற இரவு. கிளவுடில், அதாவது இன்னொருவர் டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வரில், இருந்த எங்கள் டேட்டாபேஸ் கால் மணிக்கு ஒருமுறை மூச்சு வாங்கி நின்றது. மென்பொருள் விற்றவரிடம் டிக்கெட் போட்டோம், அதாவது பழுதைப் பதிவு செய்து உதவி கேட்டோம். "உங்கள் ஸ்டோரேஜ் மெதுவாக எழுதுகிறது, கிளவுட்காரரைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. கிளவுட்காரரோ, "எங்கள் பக்கம் எல்லாம் பச்சையாகத்தான் காட்டுகிறது, மென்பொருள்காரரைக் கேளுங்கள்" என்றார். மூன்றாம் நாள் மென்பொருள்காரர் முத்தாய்ப்பு வைத்தார்: "இதே பிழையை கிளவுட் இல்லாத ஒரு நிஜ சர்வரில் வரவழைத்துக் காட்டுங்கள்." நிஜ சர்வருக்கு எங்கே போவது? இருந்ததையெல்லாம் விற்றுவிட்டுத்தானே கிளவுடுக்கே வந்தோம்.

அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. "சப்போர்ட் உண்டு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. மென்பொருள் அங்கே ஓடும் என்பது ஒன்று. அங்கே சோதித்துப் பார்த்து சான்று கொடுத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. டிக்கெட் போட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்பது மூன்றாவது. உங்கள் லைசன்ஸ் அங்கே செல்லும் என்பது நான்காவது. விற்கிறவர் முதலாவதைச் சொல்வார், வாங்குகிறவர் நான்கும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

அதற்கப்புறம் யாருடைய சப்போர்ட் விதியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பழுது வந்தால், அது யாருடைய பழுது என்று நிரூபிக்கிற வேலை யார் தலையில் விழுகிறது? கம்பெனிகள் கிளவுடுக்குக் கொண்டுபோகிற பெரிய மென்பொருள்களில் நிறுவனக் கணக்குவழக்கு மென்பொருள் தரும் எஸ்ஏபி, டேட்டாபேஸ் தரும் ஆரக்கிள், விண்டோஸ் தரும் மைக்ரோசாஃப்ட், லினக்ஸ் தரும் ரெட் ஹேட் ஆகிய நான்கையும் இந்த ஒரு கேள்வியோடு அணுகினால், நாலும் நாலு திசையில் நிற்கின்றன.

எஸ்ஏபி: பட்டியலில் இல்லையென்றால் இல்லை

தன் ஹானா டேட்டாபேஸை எங்கே ஓட்டலாம் என்று எஸ்ஏபி பொதுவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. "அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் சரி, மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூர் சரி" என்று ஒற்றை வரியில் அது முடிந்துவிடாது. ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷின் (நிஜ சர்வரைப் பங்கிட்டு மென்பொருளால் உருவாக்கும் சர்வர்) வகையும் தனியாக இருக்கும்: எவ்வளவு மெமரி, அன்றாடப் பரிவர்த்தனைக்கா அலசல் அறிக்கைகளுக்கா, ஒற்றை மெஷினாகவா பல மெஷின்களைக் கோர்த்தா என்று. இயங்குதளம் சூசே லினக்ஸ் அல்லது ரெட் ஹேட் லினக்ஸ், உபுண்டுவுக்கு இடமில்லை. ஸ்டோரேஜுக்கும் அளவுகோல் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக்கில் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதும்போது 1 மில்லி விநாடிக்குள் பதில் வந்தாக வேண்டும். அஷூரின் எம் வரிசை மெஷின்களில், லாக்கை பிரீமியம் டிஸ்க்கில் வைத்தால் எழுதுவதை வேகப்படுத்தும் ரைட் ஆக்சிலரேட்டரைப் போட்டே ஆக வேண்டும் என்ற விதி வந்தது இதனால்தான்.

அதோடு விடவில்லை. மெஷினுக்குள்ளிருந்து அளவீடுகளை எஸ்ஏபிக்குச் சொல்ல ஒரு ஏஜெண்டையும் நிறுவ வேண்டும். ஏடபிள்யூஎஸ், அஷூர், கூகுள் மூன்றும் இதற்கெனத் தனித்தனியாக ஒன்று வைத்திருக்கின்றன. ஏடபிள்யூஎஸ்ஸில் அடிப்படை சப்போர்ட் திட்டம் மட்டும் வைத்திருந்தால் போதாது. காசு கொடுத்து மேல்படித் திட்டம் எடுத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் "முன்நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்று உங்கள் டிக்கெட் நின்றுவிடலாம்.

முதல்முறை படிக்கும்போது எரிச்சல்தான் வரும். மலிவான புது மெஷின் வகை சந்தைக்கு வந்திருக்கும், பட்டியலில் ஏறும்வரை அன்றாட வேலை ஓடும் புரொடக்‌ஷனில் தொட முடியாது. ஆர்ம் சிப்புகள் கதை இன்னும் வேடிக்கை. எஸ்ஏபி தானே நடத்தும் ஹானா கிளவுட் சேவையை அமேசானின் கிராவிடான் சிப்புகளில் ஓட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் நாம் நிறுவும் ஹானாவுக்கு இன்னும் இன்டெல் பாணி எக்ஸ்86 சிப், இல்லையென்றால் ஐபிஎம்மின் பவர் சிப்தான்.

இருந்தாலும் நாலில் எனக்கு நிம்மதி தருவது இந்தக் கறார்தான். பட்டியலில் உள்ள மெஷினை எடுத்து, சொன்னபடி அமைத்துவிட்டால் அதற்கப்புறம் "வேறு எங்காவது ஓட்டிக் காட்டு" என்று யாரும் சொல்வதற்கில்லை. எஸ்ஏபியின் டிக்கெட் அமைப்புக்குள்ளேயே பெரிய கிளவுட் நிறுவனங்களுக்குத் தனி வரிசைகள் இருக்கின்றன. கிளவுட் பக்கத்துப் பொறியாளர் அதே டிக்கெட்டில் வந்து பதில் எழுதுகிறார். பந்து அங்குமிங்கும் போனாலும் ஒரே மைதானத்துக்குள் போகிறது. நிரூபிக்கிற வேலையை சான்று கொடுக்கும்போதே முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆரக்கிள்: அனுமதி உண்டு, கணக்கு வேறு

இங்கே பெரிய பட்டியல் எதுவும் இல்லை. டேட்டாபேஸுக்கு இயங்குதளத்தின் பேரில் சான்று. ஆரக்கிள் லினக்ஸோ ரெட் ஹேட்டோ இருந்தால் ஏடபிள்யூஎஸ், அஷூர் மெஷின்களில் ஓட்டலாம், சப்போர்ட்டும் உண்டு. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. சிக்கல் மூன்று இடங்களில் வரும்.

முதலாவது, ஒரு சர்வரைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிக்கும் விஎம்வேர். ஆரக்கிளின் சப்போர்ட் தளத்தில் 249212.1 என்ற எண்ணுள்ள குறிப்பு டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏக்களிடையே பிரசித்தம். விஎம்வேரில் தன் மென்பொருள் எதற்கும் சான்று கொடுக்கவில்லை என்று அது நேரடியாகச் சொல்கிறது. வருகிற பழுது விஎம்வேர் இல்லாத வெறும் இயங்குதளத்திலும் வரும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அல்லது விஎம்வேரால் வந்ததல்ல என்று நீங்கள் காட்ட வேண்டும். இல்லையென்றால் விஎம்வேரிடம் போகச் சொல்லலாம். "கிளவுடுக்கு மாறுகிறோம்" என்று சொல்லிக்கொண்டு, இருந்த விஎம்வேர் மெஷின்களை அப்படியே அஷூரிலோ ஏடபிள்யூஎஸ்ஸிலோ இருக்கிற விஎம்வேர் சேவைக்குத் தூக்கிப்போகிறவர்கள் இந்தக் குறிப்பையும் கூடவே சுமந்துகொண்டுதான் போகிறார்கள். நடைமுறையில் ஆரக்கிள் பொறியாளர்கள் பெரும்பாலும் உதவுவார்கள் என்று பலரும் சொல்வார்கள். இருக்கலாம். மாதக் கடைசி இரவில் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தைரியமில்லை.

இரண்டாவது லைசன்ஸ் கணக்கு. இன்டெல் சிப்பில் ஒரு கோர், அதாவது கணக்கிடும் அலகு, இரண்டு இழைகளாக வேலை செய்யும். கிளவுடில் ஒவ்வொரு இழையும் ஒரு விசிபியு, அதாவது ஒரு விர்ச்சுவல் சிபியு. சொந்த சர்வரில் 8 கோர் இருந்தால், ஆரக்கிளின் கோர் அட்டவணைப்படி பாதிதான் கணக்கு: டேட்டாபேஸின் உயர் பதிப்பான எண்டர்பிரைஸ் எடிஷனுக்கு 4 லைசன்ஸ். அதே 8 கோர் ஏடபிள்யூஎஸ்ஸில் 16 விசிபியு. 2017 ஜனவரியில் மாற்றிய விதிப்படி 2 விசிபியுவுக்கு ஒரு லைசன்ஸ், கோர் அட்டவணை செல்லாது. ஆக 8 லைசன்ஸ். ஆரக்கிளின் சொந்தக் கிளவுடான ஓசிஐயில் அதே 8 கோருக்கு மறுபடி 4. ஒரு லைசன்ஸின் பட்டியல் விலை 47,500 டாலர், அதில் ஆண்டுக்கு 22 சதவீதம் சப்போர்ட் கட்டணம். 4 லைசன்ஸுக்கு ஆண்டுக்கு 41,800 டாலர், 8க்கு 83,600. மெஷின் வலு ஒன்றுதான், வேலை ஒன்றுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கதைதான். போதாக்குறைக்கு 2021 முதல், ஓசிஐயில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 25 சென்ட் அல்லது 33 சென்ட் சப்போர்ட் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தருகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சொல்லும் ஆவணம், தான் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று தானே சொல்லிக்கொள்கிறது. கூகுள் கிளவுடின் பெயர் 2024இல் ஆரக்கிளும் கூகுளும் கூட்டணி சேர்ந்த பிறகுதான் அதில் சேர்ந்தது. அதுவரை கூகுளில் ஆரக்கிள் ஓட்டியவர்களுக்கு எந்தக் கணக்கு என்பதே வாதத்துக்குரிய விஷயமாக இருந்தது.

மூன்றாவது ஆர்ஏசி. ஒரு சர்வர் விழுந்தாலும் டேட்டாபேஸ் விழாமல் இருக்கப் பல சர்வர்களைக் கோர்க்கும் ஏற்பாடு அது. ஏடபிள்யூஎஸ், அஷூர், கூகுள் ஆகியவற்றின் சாதாரண மெஷின்களில் ஆர்ஏசிக்கு ஆரக்கிளின் சப்போர்ட் கிடையாது. பல ஆண்டுகள் இதுவே ஓசிஐக்குப் போகச் சொல்லும் பலமான வாதமாக இருந்தது. 2023 செப்டம்பரில் ஆரக்கிள், டேட்டாபேஸுக்கென்றே செய்த தன் எக்ஸாடேட்டா எந்திரங்களையே அஷூரின் டேட்டா சென்டருக்குள் கொண்டுபோய் வைப்பதாக அறிவித்தது. 2024இல் கூகுளும் ஏடபிள்யூஎஸ்ஸும் அதே வழிக்கு வந்தன. அங்கே ஆர்ஏசி உண்டு, சப்போர்ட்டும் முழுசாக உண்டு, ஏனென்றால் எந்திரமே ஆரக்கிளுடையது. விதியைத் தளர்த்தவில்லை, வீட்டையே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட்: சப்போர்ட் நேர்மை, லைசன்ஸ் வேலி

தொழில்நுட்ப சப்போர்ட்டில் மைக்ரோசாஃப்ட்டைக் குறை சொல்வது கடினம். பிறருடைய விர்ச்சுவல் அமைப்புகளில் விண்டோஸ் சர்வர் சரியாக ஓடுகிறதா என்று சரிபார்க்க 2008இலேயே ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் தேறிய அமைப்பு என்றால் சொந்த எந்திரத்தில் ஓடுவதைப்போலவே டிக்கெட்டை எடுத்துக்கொள்வார்கள். தேறாதது என்றால் நியாயமான அளவுக்கு முயல்வார்கள், அதற்குமேல் "விர்ச்சுவல் அமைப்பு இல்லாமல் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்க உரிமை வைத்திருக்கிறார்கள். விதி தெளிவாக இருக்கிறது. பெரிய கிளவுடுகளில் இந்த இரண்டாவது நிலைக்குப் போக வேண்டி வராது.

வேலி வேறு இடத்தில் இருக்கிறது. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வாங்கிய விண்டோஸ் சர்வர் லைசன்ஸை ஏடபிள்யூஎஸ், கூகுள், அலிபாபா ஆகியவற்றின் தனிப்பட்ட சர்வர்களுக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. எஸ்கியூஎல் சர்வரைக் கொண்டுபோகலாம், ஆனால் லைசன்ஸோடு சேர்த்து வாங்கும் பராமரிப்புத் திட்டமான சாஃப்ட்வேர் அஷூரன்ஸுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். பழசான பதிப்புகளுக்கான பாதுகாப்புப் பேட்ச்சுகளிலும் இதே ஓரவஞ்சனை. விண்டோஸ் சர்வர் 2012க்கு 2023 அக்டோபர் 10உடன் சப்போர்ட் முடிந்தது; அதற்கப்புறம் மூன்று ஆண்டுகளுக்கு வரும் பேட்ச்சுகள் அஷூரில் இலவசம், வேறு கிளவுடில் காசு. ஓடுவது ஒரே மென்பொருள், அடைக்கப்படுவது ஒரே ஓட்டை. 2025 ஜூலையில் பிரிட்டனின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம், மைக்ரோசாஃப்டின் லைசன்ஸ் முறை ஏடபிள்யூஎஸ்ஸும் கூகுளும் போட்டியிடுவதைப் பாதிக்கிறது என்றே முடிவுக்கு வந்தது.

ரெட் ஹேட்

கிளவுடோடு இவர்களுக்குச் சண்டையில்லை. லினக்ஸை எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் முதல் கதவு மாறும்: ஏடபிள்யூஎஸ்ஸில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தால் முதலில் ஏடபிள்யூஎஸ், உங்கள் சந்தாவைக் கொண்டுபோயிருந்தால் நேரே ரெட் ஹேட். அஷூருக்காக மைக்ரோசாஃப்டோடு 2015இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இரு நிறுவனங்களின் சப்போர்ட் ஆட்களும் ஒரே இடத்தில் உட்காருவது என்று முடிவெடுத்தார்கள். ஒரு காலத்தில் லினக்ஸையே புற்றுநோய் என்று சொன்ன நிறுவனத்தோடுதான் இந்த ஏற்பாடு.

இங்கே தகராறு, கூட வரும் மூன்றாம் ஆளால்தான். ஆன்டிவைரஸ், பேக்கப் ஏஜெண்ட் மாதிரியான சில மென்பொருள்கள், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் தங்கள் துணுக்கு நிரலை (மாட்யூல்) போடும். அப்போது கெர்னல் தன்மேல் ஒரு அடையாளம் குத்திக்கொள்ளும், 'டெயின்டட்' என்பார்கள். சர்வர் விழுந்து டிக்கெட் போட்டால், அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு மறுபடி விழுகிறதா பாருங்கள் என்று ரெட் ஹேட் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புத் துறை அந்த ஆன்டிவைரஸைக் கழற்ற விடாது. யாரிடம் அனுமதி வாங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. 1993 முதல் டிஎஸ்ஏநெட் என்றொரு லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. போட்டி நிறுவனங்களின் சப்போர்ட் ஆட்கள் பொது வாடிக்கையாளருக்காக ஒருவரை ஒருவர் கூப்பிட அது வழி செய்கிறது. மைக்ரோசாஃப்டும் ரெட் ஹேட்டும் அதில் உண்டு. டிக்கெட்டில் "டிஎஸ்ஏநெட் வழியாக அவர்களையும் சேருங்கள்" என்று நீங்களே கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

கிளவுடுகளின் சந்தைக் கடைகளில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான சிறு மென்பொருள்களைப் பற்றி ஒரே வார்த்தை. அங்கே ஏற்றுவதற்கு முன் பாதுகாப்பு ஓட்டை, பொதிந்து வைத்த பாஸ்வேர்டு போன்றவற்றைப் பார்ப்பார்கள். உங்கள் வேலைப்பளுவைத் தாங்குமா என்று பார்ப்பதில்லை, சப்போர்ட் விற்பவருடையது.

இனி என் தேர்வு. ஹானா என்றால் மூன்று பெரிய கிளவுடில் எது வேண்டுமானாலும் சரி. பட்டியலுக்கு வெளியே ஒரு மெஷின்கூட எடுக்க மாட்டேன். ஆர்ஏசி வேண்டுமென்றால் ஓசிஐ, அல்லது மற்ற கிளவுடுக்குள் இருக்கும் எக்ஸாடேட்டா. ஆர்ஏசி தேவைப்படாத நடுத்தர ஆரக்கிள் என்றால் முதலில் அந்த இரட்டை லைசன்ஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன், பாதி நேரம் அங்கேயே முடிவு வந்துவிடும். பழைய விண்டோஸ் நிறைய இருந்தால் அஷூர். வேலி பிடிக்கவில்லைதான், ஆனால் பேட்ச் இலவசம். விஎம்வேர் சேவைக்குள் ஆரக்கிளைத் தூக்கிப்போவதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய மாட்டேன், 249212.1இல் ஒரு வரி மாறும்வரை.