லண்டனில் பேங்க்காக இருந்த பப்புக்குப் போகிறீர்களா? கார்டை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரிலிருந்து யார் லண்டன் வந்தாலும் டவர் பிரிட்ஜ், அரண்மனை எல்லாம் காட்டிவிட்டு மாலையில் "வாங்க, ஒரு நல்ல பழைய பப் காட்டுறேன்" என்று சிட்டி பக்கம், அதாவது லண்டனின் பழைய பேங்க் வட்டாரத்துக்கு, இழுத்துப்போகிற ஆள் நான். 2025 ஜூலையில் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், கோயம்புத்தூரிலிருந்து அண்ணியோடு மகளின் பட்டமளிப்புக்கு வந்திருந்தார். அப்படி அழைத்துப்போன இடத்தில் 159 பவுண்டு 75 பென்ஸ் அழுதுவிட்டு வந்தோம். அழுதது அண்ணன், அழ வைத்தது நான்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் இன்னும் பாதியில் நிற்கிறது. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பழைய கிளையில் ஒரு பப் இருக்கிறதே, 1888இல் கட்டி 1975 வரை பேங்க்காகவே ஓடிய கட்டடம், அது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இடங்கள் சிட்டியில் ஒன்றிரண்டு அல்ல. பேங்க்குகள் ஒன்றோடொன்று இணைந்து, கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபின் அத்தனை பெரிய ஹாலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பல கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பதால் நினைத்தபடி இடிக்கவும் முடியாது. பளிங்குத் தூண், கண்ணாடிக் கூரை, காசாளர் உட்கார்ந்திருந்த நீள மரக் கவுன்ட்டர், எல்லாம் அப்படியே இருக்க, அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் இப்போது பீர் பம்பு.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தோம். அங்கேதான் தப்பு ஆரம்பம்.

ஐந்து பேருக்கு ஆன்லைனில் மேசை பதிவு செய்திருந்தேன். ஆளுக்கு 10 பவுண்டு, மொத்தம் 50 டெபாசிட், பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்று உறுதி மெயில். மேசை எங்கே என்ற இடத்தில் "பெரிய ஹால்" என்று போட்டிருந்தது. போனால், ஹாலில் ஆபீஸ் பார்ட்டி நடக்கிறது, கீழே இடம் இருக்கிறது என்றார்கள். கீழே என்றால் பழைய லாக்கர் ரூம். ஓர் அடி கனத்துக்கு இரும்புக் கதவு, அதைத் தாண்டினால் தாழ்ந்த கூரை, ஜன்னல் கிடையாது, போன் சிக்னல் கிடையாது, பக்கத்திலேயே கழிப்பறை. வந்திருந்த விருந்தாளிகளுக்கு அந்தக் கதவு பிடித்துப்போய்விட்டது, அதனால் நானும் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் சிக்னல் இல்லாததுதான் பின்னால் பெரிய வினையாக முடிந்தது.

முதல் பைன்ட். நுரை மட்டும் இரண்டு விரல் உயரம். இங்கே ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி, நுரை அடங்கியபின் குறைந்தது 95 சதவீதம் பீர் இருக்க வேண்டும் என்பது பீர் தொழிலின் சொந்த வழிகாட்டுதலே. கேட்டால் நிரப்பித்தர வேண்டும், முகம் சுளிக்காமல். அந்தப் பையன் முகம் சுளித்துக்கொண்டே நிரப்பினான், சரி, நிரப்பினான் அல்லவா. (பீர் ஜில்லென்று இல்லை என்று அண்ணன் முனகினார். அது ஏமாற்று இல்லை, பம்பில் இழுத்து ஊற்றுகிற ஏல் என்ற பீர் வகை 12 டிகிரி சுற்றில்தான் வரும்.)

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மீன் ஆறிப்போயிருந்தது, பை (pie) நடுவில் குளிர்ந்திருந்தது, மாற்றித்தர 35 நிமிடம். ஆனால் சிப்ஸ் விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அண்ணி சுத்த சைவம். கவுன்ட்டரில் நானே கேட்டேன், சிப்ஸ் சைவம்தானே என்று. "வெறும் உருளைக்கிழங்குதான்" என்று சிரித்தபடி பதில் வந்தது. அண்ணி பாதித் தட்டு காலி செய்தபின், எங்கள் பாப்பா, அதாவது அண்ணன் மகள், சுவரில் ஒட்டியிருந்த மெனுவின் கடைசி வரியைப் படித்துவிட்டு மெதுவாக என் காதில், "சித்தப்பா, இது மாட்டுக் கொழுப்புல பொரிச்சதாம்" என்றாள். இந்த நாட்டில் பழைய பாணி மீன் சிப்ஸ் கடைகளில் இது சகஜம், பெருமையாகவே எழுதிவைப்பார்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் வராது. ஆகவே "சைவமா" என்று மட்டும் கேட்காதீர்கள், "எதில் பொரிக்கிறீர்கள்" என்று கேளுங்கள், மீன் பொரித்த எண்ணெயா என்றும் சேர்த்துக் கேளுங்கள். அண்ணி ஒன்றும் பேசவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அதற்கும் பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே மது விற்கும் உரிமம் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும், திருப்பி அனுப்பி வாங்கினேன்.

இப்போது பில்.

சாப்பாடும் குடியும் 142 பவுண்டு. அதன்மேல் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 17.75. பீர் முழுக்க நாங்களே மாடியேறிப் போய் கவுன்ட்டரில் நின்று கையில் தூக்கிக்கொண்டு வந்தது, அதற்கும் சேர்த்துத்தான் சார்ஜ். இது கட்டாயம் இல்லை, பில்லிலேயே பொடி எழுத்தில் "விருப்பத்தின் பேரில்" என்று இருக்கும், கட்டுவதற்கு முன்பே எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். 2024 அக்டோபர் 1 முதல் இந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போகவேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது, அதனால் நன்றாகக் கவனித்தால் நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பவன். அன்றைக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் பில் வந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் அண்ணியையும் பாப்பாவையும் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடைவெளியில் அண்ணன் "நான் கட்டுறேன், நீ சும்மா இரு" என்று கார்டை நீட்டிவிட்டார். கார்டை மிஷினில் தட்டினால் போகிற தொகை இல்லை, அப்போது 100 பவுண்டுக்கு மேல் பின் நம்பர் வேண்டியிருந்தது. இந்தியக் கார்டைச் செருகியதும் மிஷின் ஒரு கேள்வி கேட்கும்: பவுண்டில் கட்டுகிறீர்களா, ரூபாயில் கட்டுகிறீர்களா? அந்தக் கேள்வியை அண்ணன் பார்க்கவே இல்லை. மிஷினைக் கையில் வைத்திருந்த ஆள் தானே ஏதோ அமுக்கிவிட்டு, "பின் மட்டும் போடுங்கள்" என்று நீட்டியிருக்கிறார். அண்ணன் நம்மூர்க்காரர்தானே, ரூபாயைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்ததாம்.

பேங்க் என்றே பெயர் கொண்ட மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சிக்னல் கிடைத்து எஸ்எம்எஸ் வந்தது. 19,489 ரூபாய். அன்றைக்கு ஒரு பவுண்டு 116 ரூபாய் சுற்று, இவர்கள் போட்ட கணக்கு 122. கிட்டத்தட்ட 950 ரூபாய் அந்த ஒரு அமுக்கில் போனது. ரூபாயில் காட்டும்போது மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது நம் பேங்க் அல்ல, கடைக்கு மிஷின் கொடுத்தவன், அவன் வைக்கிற லாபத்தில் கடைக்கும் பங்கு போகலாம். இதற்குமேல் ஊரில் அண்ணனின் பேங்க் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போட்டது தனிக்கதை. எந்த நாணயம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருடையது, விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும் அதுதான். மிஷின் உங்கள் கையில் இருக்கட்டும், எப்போதும் பவுண்டையே அமுக்குங்கள். தவறிப்போனால் அங்கேயே நின்று ரத்து செய்யச் சொல்லி மறுபடி பவுண்டில் போடச் சொல்லுங்கள். அந்த லாக்கர் ரூமில் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து பில்லை விரித்துப் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த 50 பவுண்டு டெபாசிட்டைக் கழிக்கவே இல்லை. 109.75 கட்டவேண்டிய இடத்தில் 159.75. பேங்க்காக இருந்த காலத்தில் அந்தக் கவுன்ட்டரில் பென்னி குறைந்தால் எவனையும் வீட்டுக்கு விட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாளே பில், உறுதி மெயில் இரண்டையும் இணைத்து எழுதினேன். முதல் மெயிலுக்குத் தானியங்கிப் பதில். இரண்டாவதுக்கு "மேலாளர் விடுமுறையில் இருக்கிறார்". மூன்றாவதில், டெபாசிட்டைக் கழிப்பதாக எழுத்தில் கொடுத்த வாக்கை மீறியிருக்கிறீர்கள், என் கார்டு நிறுவனத்திடம் அந்த 50 பவுண்டைத் திரும்பக் கேட்கப்போகிறேன் என்று இரண்டே வரி. 19ஆம் நாள் 50 பவுண்டு வந்து சேர்ந்தது, மன்னிப்பு வரவில்லை. சர்வீஸ் சார்ஜ் நீங்களே கட்டியது என்று கைவிரித்துவிட்டார்கள். ரூபாய் விஷயத்தில் அண்ணன் ஊரிலிருந்து தன் பேங்க்கில் புகார் கொடுத்திருக்கிறார், கடையோ "வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்தார்" என்கிறது, மிஷின் ரசீதிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

நேற்று போனில் அண்ணன், "அட விடுப்பா, ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பாடா" என்றார். அண்ணி போனை வாங்கி, லண்டன் போட்டோ எல்லாம் அனுப்பு, அந்த இரும்புக் கதவு போட்டோவை மட்டும் அனுப்பாதே என்றார்.