வலைக்குள் பூக்கும் தக்காளிக்கு ஓர் அதிர்வுக் கருவி: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்லடியில் மேல்மாடி விறாந்தையைப் பூச்சி வலையால் முழுவதும் மூடி, அதற்குள் சாடிகளில் தக்காளி வளர்க்கிறேன். செங்கலடியில் என் மைத்துனர் வலைவீடு அமைத்து விற்பனைக்காகவே தக்காளி செய்கிறார். இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான்: செடி செழித்து வளரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஆனால் பூக்களில் பெரும்பகுதி காம்பின் கணு மஞ்சளாகிப் பிஞ்சு பிடிக்காமலே உதிர்ந்துவிடும். இதற்குத் தீர்வாக இணையவழி விற்பனைத் தளமொன்றில் வாங்கிய, தக்காளிப் பூங்கொத்தை அதிரவைக்கும் பற்றரிக் கைக்கருவியைப் பெரும்போகத்திலும் அதையடுத்து வந்த வெயில் காலத்திலும் பயன்படுத்திப் பார்த்த பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கருவி தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆயினும் அதை எந்த மாதத்தில், காலையில் எத்தனை மணிக்குக் கையில் எடுக்கிறோம் என்பதே காயைத் தீர்மானிக்கிறது. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தக்காளிப் பூ இருபாற் பூ. மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில் இருப்பதால் அதற்கு வேறொரு செடியின் துணை தேவையில்லை. எனினும் அதன் மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கூம்பு வடிவில் தம்பத்தை (சூலகத்தின் மேல் எழும் மெல்லிய தண்டை) சூழ்ந்து நிற்கின்றன. மகரந்தம் அந்தக் கூம்பின் உட்புறமாகவே வெளிப்பட்டு, பூ அசையும்போதுதான் நுனி வழியே உதிர்ந்து, தம்பத்தின் முனையான குறியில் படிகிறது. திறந்த தோட்டத்தில் இந்த அசைவைக் காற்று தருகிறது. தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, பறப்புத் தசைகளை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டிகளில் நாம் வளர்க்கும் தேனீ இவ்வாறு அதிர்வு எழுப்புவதில்லை; ஆகவே வலைவீட்டுக்குள் தேன்பெட்டி வைப்பதால் தக்காளிக்குப் பெரிய நன்மை இல்லை. ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் 1980களின் பிற்பகுதி வரை தொழிலாளர்கள் மின்னதிர்வுக் கோலைக் கையில் ஏந்தி ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுச் சென்றார்கள். பம்பிள் தேனீக்களைக் கூடுகளில் வளர்த்து விற்கத் தொடங்கிய பின்னரே அந்த உழைப்பு அங்கு குறைந்தது. இலங்கையில் பம்பிள் தேனீ இயற்கையில் இல்லை. வெண் ஈயையும் அது பரப்பும் இலைச்சுருள் வைரசையும் தடுப்பதற்காக நாம் கட்டும் நுண்ணிய வலை, காற்றின் வேகத்தைத் தணித்து, நன்மை செய்யும் வண்டுகளையும் வெளியே நிறுத்திவிடுவதால், அவற்றின் வேலை முழுவதும் நம் கைக்கே வந்து சேர்கிறது.

கருவி எளிமையானது. ஒரு சாண் நீளப் பிளாஸ்ரிக் கைப்பிடிக்குள் இரண்டு சிறு பற்றரிகளும் ஒரு மோட்டரும் இருக்கின்றன. முனையில் கொக்கிபோல் வளைந்த மெல்லிய உலோகக் கம்பி நீண்டு நிற்கிறது. ஆளியை அழுத்தினால் கம்பி அதிரும், விட்டால் நிற்கும். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைக் கொண்டு அளந்தபோது, புதிய பற்றரி இட்ட நிலையில் செக்கனுக்கு 200 தடவைக்குச் சற்று மேலாக அதிர்ந்தது. இது தேனீக்கள் பூவில் எழுப்பும் அதிர்வுக்கு நெருக்கமான அளவு. பற்றரி தளரும்போது இந்த மீடிறன் (செக்கனுக்கான அதிர்வு எண்ணிக்கை) கீழே இறங்குகிறது என்பதையும், அதை நம் காது உடனே கண்டுகொள்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கருவியின் உறையிலோ கூட வந்த தாளிலோ மீடிறன் அச்சிடப்படவில்லை. இந்தப் பொருளின் பயனே அந்த ஓர் எண்ணில்தான் தங்கியிருக்கிறது என்பதால், இதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

பயன்படுத்தும் முறையில் முக்கியமானது, கம்பியைப் பூவில் வைக்காமல், கொத்தின் தண்டில், பூக்காம்புகள் பிரியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைப்பதாகும். ஓரிரு செக்கன் போதும். மகரந்தம் உதிர்கிறதா என்று அறிய, திரை அணைந்த கைப்பேசியைப் பூவுக்குக் கீழே பிடித்துப் பார்க்கலாம்: இதழ்கள் நன்கு பின்னோக்கி மடிந்த, பளிச்சென்ற மஞ்சள் நிறப் பூவிலிருந்து வெளிறிய தூள் புகைபோல் இறங்கி, கறுப்புக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். பாதி விரிந்த பூவிலிருந்து எதுவும் விழுவதில்லை. இதழ் நிறம் மங்கிய பூவிலிருந்து விழுவது மிகக் குறைவு. ஒரே கொத்தில் பூக்கள் அடுத்தடுத்த நாட்களில் விரிவதால், ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாக் கொத்துகளையும் தொட்டு வருவதே சரியான ஒழுங்கு. அதிர்வு போதிய அளவு கிடைத்த பூவில், இதழ் வாடிய சில நாட்களுக்குள் புல்லிகளின் நடுவே குண்டூசித் தலையளவு பச்சைப் பிஞ்சு தெரியத் தொடங்கும். விறாந்தையில் நான் சில கொத்துகளைத் தொடாமல் அடையாள நூல் கட்டி விட்டுவைத்தேன். அவற்றில் பிடித்த சில காய்கள் ஒருபுறம் ஒட்டிப்போய் வளர்ந்தன. வெட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்து அறைகளில் விதை மிகக் குறைவாகவே இருந்தது. விதை எண்ணிக்கை குறையும் பக்கத்தில் சதையும் குறைவது தக்காளியின் இயல்பு.

காலையில் ஈரம் காய்ந்த பின், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள் செய்வதே எமது கரையோரத்துக்குப் பொருந்துகிறது. மார்கழி மழைநாட்களில் வாவிக்காற்றின் ஈரப்பதன் மிகுந்திருக்கும்போது மகரந்தம் கட்டிப்பட்டு, எவ்வளவு அதிரவைத்தாலும் கூம்பை விட்டு வெளியே வராது. அத்தகைய நாட்களில் மழை விட்டு வெளிச்சம் வரும்வரை, நண்பகலானாலும் காத்திருப்பது நல்லது.

வெயில் காலத்தின் கதை வேறு. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகல் வெப்பம் 34 பாகையைத் தாண்டுவது வழமை. இரவு 25 பாகைக்குக் கீழே இறங்குவதும் அரிது. தக்காளி காய் பிடிப்பதற்குப் பகலில் 32 பாகைக்கும் இரவில் ஏறத்தாழ 21 பாகைக்கும் மேற்படாத வெப்பநிலையே உகந்தது. பூ விரிவதற்கு ஒரு வாரத்துக்கும் முன்னர், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் வேளையிலேயே கடும் வெப்பம் அதைக் கெடுத்துவிடுவதால், இன்று காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கருவியை எடுத்துச் சென்றாலும், உதிர்வது உயிரற்ற தூளாக இருக்கலாம். இன்னொரு மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம்: வெப்பம் மிகுந்தால் தம்பம் நீண்டு, குறி கூம்புக்கு வெளியே ஊசிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும், மகரந்தம் கூம்புக்குள் உதிரும்போது குறி அங்கே இருப்பதில்லை. இவ்வாறான பூக்கள் மிகுந்த கொத்தில் எந்தக் கருவியாலும் பெரும்பயன் கிடைக்காது. செங்கலடி வலைவீட்டில் மேலே நிழல்வலை கட்டி, பக்கங்களைத் தாராளமாகக் காற்றோட்டமாக்கிய பின்னரே ஆனியில் ஓரளவேனும் காய் பிடித்தது. அந்த மாற்றம் தந்த பலனைக் கருவியின் பலன் என்று எழுதுவது நேர்மையாகாது.

மாற்று வழிகளையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். "மச்சான், மேலே போற கம்பியைத் தட்டினாலே காணும்தானே?" என்று மைத்துனர் தொடக்கத்தில் கேட்டார். செடிகளைக் கயிற்றால் மேற்கம்பியில் தூக்கிக் கட்டும் வலைவீட்டில் அது பிழையான வழியன்று. உலர்ந்த நல்ல காலையில் கம்பியைத் தடியால் தட்டினால் கணிசமான பூக்கள் பயன்பெறுகின்றன. ஆனால் கயிற்றுக்கு எட்டாத கீழ்க்கொத்துகளுக்கு அசைவு போவதில்லை. அவற்றுக்குக் கருவியே தெளிவான பலன் தந்தது. மின்விசிறி தண்டை மெதுவாக ஆட்டுகிறதே தவிர, கூம்பைத் திறந்து கொட்டவைக்கும் வேகம் அதற்கு இல்லை. ஈரத்தைக் காயவைப்பதற்கு மட்டும் அது உதவும். மின் பற்தூரிகை மிகச் சிறந்த மாற்று. நிமிடத்துக்கு 31,000 அசைவு என்று குறிக்கப்பட்ட வகை, செக்கனுக்கு ஏறத்தாழ 260 முழு அதிர்வைத் தருகிறது. பழைய தூரிகையின் பின்புறத்தைத் தண்டில் வைத்தால் இந்தக் கருவிக்குச் சற்றும் குறையாமல் மகரந்தம் கொட்டுகிறது. காய்பிடிப்பு ஓமோன் தெளிக்கும் வழக்கமும் உண்டு. மகரந்தம் கெட்டுப்போகும் வெப்ப காலத்திலும் அது காயைப் பிடிக்கவைக்கும் என்பது உண்மை. ஆயினும் அவ்வாறு வந்த பழங்கள் விதையின்றி, உள்ளே வெற்றிடம் விழுந்து, கையில் எடுத்தால் இலேசாக இருக்கின்றன. தளிரில் பட்டால் இலையும் சுருள்கிறது. வீட்டுச் சமையலுக்கென வளர்ப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கருவியின் குறைகள். உலோகக் கம்பியின் முனை உறையின்றி வருகிறது. இளந்தண்டில் அது கீறல் போடுகிறது, அந்தக் கீறலில் நோய் தொற்ற இடமுண்டு. கழித்துவிட்ட சைக்கிள் ரியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றியதும் இந்தக் குறை தீர்ந்தது, அதிர்வும் பெரிதாகக் குறையவில்லை. பற்றரி மூடி சில வாரங்களில் தளர்ந்து, அழுத்தும்போது திறந்துகொள்கிறது. வலைவீட்டு ஈரத்தில் உள்ளிருக்கும் தொடுகைத் தகடுகள் பாசி பிடித்ததுபோல் பச்சையாகின்றன. வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது அவசியம். ஒரு செடியில் வைரசு நோய் ஐயம் இருந்தால் அதை இறுதியில் தொட வேண்டும். வரிசை முடிந்தபின் முனையைச் சவர்க்கார நீரில் கழுவ வேண்டும்.

சாடியில் பத்துப் பன்னிரண்டு செடி வைத்திருப்பவர் இதை வாங்கத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் மின் பற்தூரிகையே போதும். வலைவீட்டில் வரிசை வரிசையாகச் செடி வைத்து, மார்கழி முதல் மாசி வரையான பூப்பருவத்தை நம்பியிருப்பவருக்கு, கீழ்க்கொத்துகளில் கூடுதலாகப் பிடிக்கும் காயே கருவியின் விலையை ஒரு பருவத்தில் மீட்டுத் தரும். வாங்கும்போது மீடிறன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மீள்மின்னேற்றும் பற்றரியில் கருவி அதே வேகத்தில் இயங்குமா என்றும் கேளுங்கள், ஏனெனில் அவ்வகைப் பற்றரி 1.5 வோல்ற்றுக்குப் பதிலாக 1.2 வோல்ற்றையே தருகிறது. எங்கள் கருவி அதில் மெதுவாகவே அதிர்ந்தது.