கிளாவியோலின்: நாகின் மகுடிக்குப் பின்னாடி இருக்குற வால்வ் கீபோர்டு – பல வருஷமா வாசிச்ச அனுபவம்

பாம்பு டான்ஸ்னு சொன்னதும் உங்க காதுல ஒரு மகுடி ஓடுதுல்ல, 1954ல வந்த நாகின் ஹிந்திப் படத்து மகுடி, லைட் மியூசிக் மேடையில இன்னைக்கும் யாராவது ஒருத்தர் அதை வாசிச்சா கூட்டம் எந்திரிச்சு ஆடும், அது மகுடியே கிடையாதுங்க. கிளாவியோலின்னு ஒரு வால்வ் கீபோர்டு (வால்வ்னா பழைய ரேடியோவுல சூடாகி மினுங்குமே, அந்த கண்ணாடிக் குழாய்). படத்துக்கு மியூசிக் ஹேமந்த் குமார், இதை வாசிச்சது கல்யாண்ஜி (தம்பி ஆனந்த்ஜியோட ஜோடி சேர்ந்து பெரிய இசையமைப்பாளர் ஆனதெல்லாம் அப்புறம்), கூட ரவி ஹார்மோனியம் வாசிச்சார். அந்த சத்தத்து மேல இருந்த ஆசையில தான் நான் இதைத் தேடி வாங்கினேன், என்கிட்ட இருக்கறது இங்கிலாந்துல செல்மர் கம்பெனி செஞ்சது.

இதைக் கண்டுபிடிச்சவர் கான்ஸ்டன்ட் மார்ட்டின், பிரான்ஸ்காரர், 1947. மின்சாரத்துல சத்தத்தை உருவாக்கற மூக் சிந்தசைசர் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி. அப்புறம் இங்கிலாந்துல செல்மர், அமெரிக்காவுல கிப்சன்னு லைசென்ஸ் வாங்கி செஞ்சாங்க. பியானோ வாசிக்கறவர் தன் பியானோ கட்டைக்குக் கீழயே இதை மாட்டிக்கலாம், இடது கை பியானோவுல, வலது கை இதுல வயலின், ட்ரம்பெட் மாதிரி மெலடி, டான்ஸ் பேண்ட்ல ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

மூணு ஆக்டேவ் (ஸ்தாயி) கட்டை தான், ஆக்டேவை மாத்தற சுவிட்ச்ச சேர்த்தா மொத்தம் அஞ்சு ஆக்டேவ் வரைக்கும் போகலாம். ஒரு நேரத்துல ஒரே ஒரு சுரம், பல சுரத்தைச் சேர்த்து கார்டு பிடிக்க வழியே இல்ல. உள்ள ஒரே ஒரு ஆஸிலேட்டர் (சத்தத்துக்கான மின் அலையை உண்டாக்கற சர்க்யூட்), நீங்க அமுக்கற கட்டைக்கு ஏத்தபடி அதோட வேகம் மாறும், அதுல வர்ற ஹார்மோனிக்ஸ் (சுரத்தோட சேர்ந்து ஒலிக்கற மேல் சுரங்கள்) நிறைஞ்ச கூர்மையான அலையை முன்னாடி வரிசையா இருக்குற சுவிட்சுகள் ஃபில்டர் பண்ணி குரலை மாத்தும். கீழ் ஹார்மோனிக்ஸை வெட்டிட்டா மூக்கால பாடற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதோட சுரத்தை நடுங்க வைக்கற வைப்ரேட்டோவைப் போட்டா மகுடி வந்துருச்சு. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் தனிப் பெட்டி, கனமான பெட்டி, மாடி ஏத்தணும்னா ரெண்டு பேர் வேணும்.

ஆனா இத்தனை வருஷம் வாசிச்சதுல எனக்கு இதோட உயிர்னு தோணறது முழங்கால் லீவர் தான். கட்டைக்கு அடியில ஒரு இரும்புக் கம்பி தொங்கும், வலது முழங்காலால பக்கவாட்டுல தள்ளினா சத்தம் ஏறும், விட்டா இறங்கும். கட்டையை மெதுவா அமுக்கினாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம் தான், அதனால ஒவ்வொரு ஃப்ரேஸுக்கும் முழங்கால் கூடவே போகணும், சுரம் ஆரம்பிக்கும்போது உள்ள வாங்கி நடுவுல திறந்து முடியும்போது மூடணும், நாதஸ்வரக்காரர் மூச்சு விடற மாதிரி. இது பழக மாசக்கணக்காகும். சாஃப்ட்வேர்ல இதே டோன் கிடைக்குது, நல்லாவும் இருக்கு, ஆனா சத்தத்தை மௌஸால வரையறதும் முழங்காலால தள்றதும் ஒண்ணே இல்ல, இதை ஒரு தடவை வாசிச்சவங்க யாரும் மறுக்க மாட்டாங்க.

கமகம்? நேரடியா வராது. பிட்ச் பெண்ட் வீல் கிடையாது, சுரத்துக்கு சுரம் வழுக்கிட்டுப் போக முடியாது. நான் மகுடி ராகமான புன்னாகவராளி வாசிக்கும்போது பக்கத்து சுரத்தை ஒரு கணம் தொட்டுட்டுத் திரும்பறேன், ஒரு கட்டையை முழுசா விடறதுக்கு முன்னாடியே அடுத்ததைப் பிடிச்சா ஒட்டின மாதிரி வருது, அந்த வேகத்துல காது அதை வளைவாவே எடுத்துக்குது. நாகின்ல கேக்கற அந்த குட்டிக் குட்டி நடுக்கத்தை விரலால வாசிச்சுப் பார்த்தப்ப தான் கல்யாண்ஜி எவ்வளவு பெரிய வாசிப்புக்காரர்னு எனக்கு முழுசா உறைச்சது.

வெளிநாட்டுல இதோட கதை வேற. 1961ல டெல் ஷானனோட ரன்அவே பாட்டுல வர்ற சோலோ, மேக்ஸ் க்ரூக் ஒரு கிளாவியோலினை மாத்திக் கட்டின மியூசிட்ரான்ல வாசிச்சது. 1967ல பீட்டில்ஸோட பேபி யூ ஆர் எ ரிச் மேன், அதுல ஷெனாய் மாதிரி ஒண்ணு நெளியுதே, ஜான் லெனன் வாசிச்ச கிளாவியோலின். நம்ம ஊர் காதுக்கு அதுவும் பாம்பு தான்!

பராமரிப்பு கஷ்டம், மறைக்க ஒண்ணும் இல்ல. சுவிட்ச் போட்டா வால்வ் சூடாகற வரைக்கும் காத்திருக்கணும், சூடானப்புறமும் சுருதி கொஞ்ச நேரம் நகரும், ட்யூனிங் திருகைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், தம்புராவோட உட்கார்றதா இருந்தா முன்கூட்டியே ஆன் பண்ணி வச்சிருங்க. பழைய பேப்பர் கெப்பாசிட்டர் (சார்ஜை சேர்த்து வைக்கற பாகம்) எல்லாம் கரண்ட் கசியும், என்னோடதுல பவர் சப்ளை பக்கம் முழுக்க மாத்தினப்புறம் தான் ஹம்முன்னு வர்ற இரைச்சல் நின்னுச்சு. உள்ள உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் இருக்கு, ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், வால்வ் வேலை தெரிஞ்சவங்களைத் தவிர யாரும் திறக்காதீங்க.

வாங்கப் போறவங்க கவனிக்க வேண்டியது: கீபோர்டும் ஸ்பீக்கர் பெட்டியும் ஜோடியா இருக்கணும், கீபோர்டு மட்டும் தனியா விலைக்கு வந்தா விட்டுருங்க, பவர் அந்தப் பெட்டியில இருந்து தான் வருது. முழங்கால் கம்பி இருக்கான்னு பாருங்க, பல பெட்டியில அதைக் கழட்டித் தொலைச்சிருப்பாங்க. எல்லாக் கட்டையும் பேசுதான்னு ஒண்ணொண்ணா அமுக்கிப் பார்த்துட்டு, ரிப்பேர் செலவுக்குன்னு தனியா ஒரு தொகை எடுத்து வச்சுட்டு அப்புறம் விலை பேசுங்க.