குவிலென்சு நடத்த எது தோது: ஸ்மார்ட் போர்டா, கியூஆர் வீடியோவா, ஹைடெக் லேபா?

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி தலைகாட்டும் ஸ்லைடு ஒன்று உண்டு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர் என்று நான்கு கட்டம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் 1990களில் பரப்பிய 'வார்க்' பிரிவு அது. முதல் கட்டத்துக்கு வீடியோ, இரண்டாவதற்கு ஆடியோ என்று சாதனத்தையும் பங்கு வைத்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-இல் ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, மாணவரின் வகைக்கு ஏற்றபடி நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள்.

எனவே பிள்ளைகளை வகை பிரிக்காமல் பாடத்தை வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலில், ஒளிக்கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும் குவிலென்சு. பொருள் ஆறு இடங்களில் இருக்கும்போது பிம்பம் எங்கே, எப்படி விழும் என்ற அட்டவணை. பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் குழப்பிக்கொள்ளும் இடம்.

ஸ்மார்ட் போர்டில் கதிர்ப்படம், அதாவது ஒளி போகும் பாதையைக் கோடுகளாகக் காட்டும் படம், வரைவது சுகம். கோடு நேராக வரும், வண்ணம் மாற்றலாம், நேற்று வரைந்ததை இன்று திறக்கலாம். வகுப்பே ஒரே படத்தைப் பார்ப்பதால் "இந்தக் கதிர் எந்தப் பக்கம் வளையும்?" என்று கேட்டு நிறுத்தலாம். குறை என்னவென்றால், வேகம் ஆசிரியருடையது. பின்வரிசையில் இரண்டாவது கதிரிலேயே தவறவிட்டவன் கடைசி வரை தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெறும் படம் காட்டும் திரையாக மட்டும் அதைப் பயன்படுத்தினால், சாக்பீசும் கரும்பலகையுமே போதும் என்பேன்.

கியூஆர் வீடியோ அந்தப் பின்வரிசைப் பையனுக்கானது. 2018-19 முதல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் பாடம் ஓடும். நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நான்காவது தடவை கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். இதுதான் அதன் பெரிய பலம். 'பார்த்துக் கற்பவர்' என்ற கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிக்கல், போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு வந்தாலும் டேட்டா மிச்சமிருக்க வேண்டும். இதை வீட்டுப்பாடமாகக் கட்டாயப்படுத்துவது சரியல்ல.

மூன்றில் என் ஓட்டு பள்ளிக் கணினி அறையான ஹைடெக் லேபுக்கு, இந்தப் பாடத்துக்கு மட்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் லென்சு உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) இலவசமாகக் கிடைக்கிறது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். திரையில் ஒரு பென்சில். மவுசால் அதை லென்சை நோக்கி இழுத்தால், எதிர்ப்பக்கம் தலைகீழாக நிற்கும் பிம்பம் விலகிக்கொண்டே போய்ப் பெரிதாகும். லென்சின் குவியம் F; அதைப்போல் இரு மடங்கு தொலைவில் உள்ள 2F-இல் பென்சிலும் பிம்பமும் ஒரே உயரம். F-ஐ நெருங்க நெருங்கப் பிம்பம் திரையை விட்டே ஓடிவிடும். F-ஐத் தாண்டி உள்ளே கொண்டுவந்தால், பென்சில் இருக்கும் பக்கத்திலேயே நேராக, பெரிதாக மாய பிம்பம் (திரையில் பிடிக்க முடியாதது). ஆறு வரி அட்டவணை ஒரே இழுப்பில் ஒரே கதையாகிவிடும். "F-இல் வைத்தால் எங்கே போகும்? முதலில் நோட்டில் எழுது, அப்புறம் இழு" என்று சொல்லிவிட்டால் போதும். அப்படிச் சொல்லாமல் விட்டால் பத்து நிமிடம் பென்சிலை ஆட்டி விளையாடிவிட்டு எழுந்து போவார்கள். ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் மவுஸ் ஒருவர் கையிலேயே இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

லேப் கிடைக்காத நாளில் அதே உருவகப்படுத்தலை ஸ்மார்ட் போர்டில் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லலாம். முக்கால்வாசிப் பலன் உண்டு.

சரி, பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லையா? உண்டு, அது வேறு இடத்தில். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்க 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது கற்றல் நிலையை வைத்து. கேட்பவரா பார்ப்பவரா என்று அல்ல. பத்தாம் வகுப்பிலும் விகிதம் தெரியாத பிள்ளைக்கு உருப்பெருக்கம் (பிம்ப உயரத்துக்கும் பொருள் உயரத்துக்கும் உள்ள விகிதம்) எந்தத் திரையில் காட்டினாலும் ஏறாது. அவனுக்கு முதலில் வேண்டியது விகிதம்தான்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவிக்கு இந்த மூன்றுமே அப்படியே உதவாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும்; கதிர்ப்படத்தை வாசிக்காது. அட்டையில் நூல் ஒட்டி, லென்சுக்குத் தடித்த கயிறு வைத்து, விரலால் தடவிப் பார்க்கும்படி ஒரு படம் செய்துகொடுக்க அரை மணி நேரம் ஆகும்.