திப்புவின் யானைக் காசா, ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமா?

போன வருடம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. திப்பு சுல்தான் காலத்துப் பொருள் ஏதாவது வாங்கி வைக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. வாளெல்லாம் நமக்கில்லை. 2023-இல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அவருடைய படுக்கையறை வாள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. புலிவரி போட்டு "திப்பு கத்தி" என்று சந்தையில் நீட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பட்ஜெட்டில் மிஞ்சியவை இரண்டு: அவர் அடித்த செப்புக் காசுகள், அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவரைத் தோற்கடித்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த பதக்கம். நான் காசுப் பக்கம் போனேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அழகில் பதக்கம்தான் ஜெயிக்கும், மறுக்க மாட்டேன். பெங்களூரில் ஒரு நண்பரிடம் வெண்கலப் பதக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே போட்டு அமுக்குகிறது, அதன் அடியில் திப்பு இறந்த நாளான 1799 மே 4 என்று ரோமன் எண்களில் தேதி. மறுபக்கம் கோட்டைச் சுவர் உடைந்த இடத்தில் படை ஏறுகிறது. புலி யார் என்று சொல்லவா வேண்டும்? தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம் என்று பதவிக்கேற்ற உலோகம். 1808-இல்தான் கைக்கு வந்ததாம். இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது 48 மில்லிமீட்டர், கல்கத்தாவில் அடித்தது 45. வாங்குகிறவர் ஸ்கேல் எடுத்துப் போனால் போதும்.

காசு அந்த அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் பாரசீக எழுத்தில் அடித்த ஊரும் காசின் பெயரும். ஆனால் அதைப் படிக்கப் பழகிவிட்டால் விட மனசு வராது. பைசாவுக்கு ஜோஹ்ரா, அதாவது சுக்கிரன். அரைப் பைசா பஹ்ராம், செவ்வாய். கால் பைசா அக்தர், நட்சத்திரம். எல்லாம் வானத்திலிருந்து எடுத்த பெயர்கள். 1787-இல் மவ்லூதி என்று ஒரு புது ஆண்டுக் கணக்கையும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்த காசுகளில் எண்கள் வலமிருந்து இடமாக ஓடும். என்னுடைய முதல் பைசாவை லென்ஸில் வைத்து 8121 என்று படித்து அரை மணி நேரம் முழித்தேன். அது 1218, நம் கணக்கில் 1790 வாக்கில். இரட்டைப் பைசா சுமார் 22 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

சரி, இவ்வளவும் ரசனை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: நாளைக்கு விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார்?

பதக்கத்துக்கு நல்ல விலை கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். வெள்ளிப் பதக்கம் அங்கே ஏலத்தில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். நாம் வாங்கி இங்கே கொண்டுவந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆக, லண்டன் விலைக்கு வாங்கி உள்ளூர் விலைக்கு விற்க வேண்டும். உள்ளூரில் கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். திப்பு செத்ததைக் கொண்டாட அடித்ததை எதற்கு வீட்டில் வைப்பது என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பெங்களூர் நண்பர் தன் மகளின் கல்யாணச் செலவுக்காக அதை விற்கப் பார்த்தார். மூன்று பேரிடம் காட்டினார். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் யாரும் ஏறவில்லை. இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது. அதோடு, பதக்கத்தில் பெற்றவர் பெயரும் கிடையாது. "இது இன்ன கேப்டனுடையது" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அந்தக் கூடுதல் முழுக்கக் கூட வரும் ஆதாரக் காகிதத்துக்குத்தான்.

காசுக்கும் அதே சட்டம்தான், ஆனால் அதை வெளியே அனுப்பும் தேவையே வராது. கோவை, பெங்களூர், சென்னை என்று எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் திப்பு காசு தேடுகிற நாலு பேர் நிற்பார்கள். ஊரும் ஆண்டும் காசிலேயே இருப்பதால் வாய்ச்சான்று வேண்டாம். பட்டண், அதாவது ஸ்ரீரங்கப்பட்டணம், அப்புறம் நகர், அதாவது பெத்னூர், இந்த இரண்டு ஊரிலும் அடித்தவை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அதே விலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்கவும் முடியும். மொத்தமாக விற்க வேண்டியதில்லை, இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். நானே ஒருமுறை அப்படித்தான் செலவைச் சமாளித்தேன்.

ஏமாறவே மாட்டோம் என்றில்லை. நான் வாங்கிய முதல் "திப்பு காசு" திப்பு காசே அல்ல. யானைக்கு மேலே சூரியனும் சந்திரனும், நடுவில் கன்னட "ஸ்ரீ". அது அவருக்குப் பின் வந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துக் காசு. விற்றவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, அதை விட்டுவிடலாம். இன்னொன்றைப் புளி போட்டுத் தேய்த்துச் செப்புக்குடம் மாதிரி பளபளவென்று கொடுத்தார்கள். கறுத்துப்போன காசுக்குத்தான் மதிப்பு. தேய்த்தது பாதி விலைக்கும் போகாது. பச்சைப் பொடி பூத்திருந்தால் தொடவே தொடாதீர்கள். அது உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

வெள்ளியிலும் தங்கத்திலும் திப்பு அடித்தவற்றைப் பற்றி நான் பேச மாட்டேன், வாங்கிப் பழக்கமில்லை. வெள்ளீயப் பதக்கத்தை நேரில் பார்த்ததுமில்லை. பரம்பரைக்கு ஒரே ஒரு பொருள் போதும், விற்கிற எண்ணமே இல்லை என்றால், நல்ல சோஹோ பதக்கம் ஒன்றை எடுங்கள், தப்பில்லை.

எனக்கு இப்போது தேவை சலாமாபாத் காசு. சத்தியமங்கலத்துக்குத் திப்பு வைத்த பெயர் அது. பட்டண் காசு போல அது மலிவாகக் கிடைக்காது. கோவையில் ஒருவர் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். முதலில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், யானைக்கு மேலே "ஸ்ரீ" இருக்கிறதா என்று பார்க்க.